தண்ணீர் வற்றினால் தெரியும் கோபுரம்

ஜவ்வரிசி அரிசி இல்லை. இது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவைப் படியவிட்டு, உருட்டி வறுத்தால் அதுதான் ஜவ்வரிசி. எங்கள் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒரு புளித்த வாடை ஜன்னலில் ஏறினால், ஜவ்வரிசி ஆலை வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் அந்த மரவள்ளி நம்மூர்ச் செடி கிடையாது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். தக்காளியும் அப்படியே.

இதை நான் என் மகளிடம் போனில் சொன்னபோது அவள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படீன்னா அதுக்கு முன்னாடி நம்மூர்ல கொழம்பு எப்படீங்கப்பா வெச்சாங்க?"

"மெளகு போட்டு வெச்சாங்க சாமி."

"தக்காளியும் இல்லாமயா?"

"ஆமா."

"பாவம்" என்றாள். யாரைப் பாவம் என்றாளோ தெரியாது. அதற்குள் அவள் அம்மா போனை வாங்கிவிட்டாள்.

"ஏனுங்க, தக்காளி எந்தத் தேசத்துல இருந்து வந்துச்சுன்னு அப்பறம் சொல்லலாமுங்க. இந்த வாரம் நம்ம சந்தைக்கே தக்காளி வரல. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

குழந்தைகளே, நான் எட்டாவது வரைதான் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேல் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தேன். ரிக் வண்டி என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. பாறையைத் துளைத்துப் பைப்பை இறக்குகிறவன் டிரில்லர். எங்கள் வீடு மல்லசமுத்திரத்தில். திருச்செங்கோட்டைச் சுற்றி இருக்கிற ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது இந்தத் தொழிலில் இருப்பார்கள். இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும், போய்ப் பார்த்தால் அங்கே நம் பக்கத்து வண்டி நிற்கும். இதுவும் பலருக்குத் தெரியாத சேதிதான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு கணக்கு உண்டு. தை முடிந்ததும் வண்டி கிளம்பும். வெயில் ஏற ஏறக் கிணறுகள் வற்றும். அப்போதுதான் விவசாயி எங்களைத் தேடுவான். ஆந்திரா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு, மழை பிடித்துக் காடு கழனியெல்லாம் சேறாகி, இனி வண்டி இறங்காது என்ற பிறகுதான் ஊருக்குத் திரும்புவோம். ஆனி கடைசியாகிவிடும், சில வருஷம் ஆடியும் பிறந்துவிடும். ஊரில் தண்ணீர் இல்லாத மாதங்களில் நான் வீட்டில் இருந்ததில்லை. தண்ணீர் வந்த பிறகுதான் வந்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் மகள் என்னிடம் பேசிப் பழகியதெல்லாம் போனில்தான். துளைக்குள் காற்றை அடிக்கிற கம்ப்ரசர் ஓடுகிறபோது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அடுத்த பைப்பை மாட்டுவதற்காகக் கம்ப்ரசரை நிறுத்துகிற இடைவெளியில் பேச வேண்டும். "சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் போனியா" என்று கேட்டு முடிப்பதற்குள் அந்த இடைவெளி தீர்ந்துவிடும். அந்தக் கேள்விகளுக்கு அவள் "உம்" என்பாள். அவ்வளவுதான். எனக்கு அந்த "உம்" போதவில்லை.

எங்களுக்குப் பாறை உடைக்கிற பிட்டுகள் ஊரிலிருந்து லாரியில் வரும். தமிழ்ப் பேப்பரில் சுற்றி, கயிறு கட்டி வரும். ஊர் பேர் தெரியாத காட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பேப்பரைப் பிரித்தால், எண்ணெய்க் கறைக்கு நடுவில் ஏதாவது ஒரு துணுக்கு இருக்கும். ஆக்டோபசுக்கு மூன்று இதயம். வெயில் காலத்தில் பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரம் கொஞ்சம் உயரும். பேசாத படம் ஓடிய காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார். இப்படி ஒன்றை எடுத்து அவளுக்குச் சொன்னேன். அன்றைக்கு அவள் "உம்" என்று சொல்லவில்லை. "அப்பறம்?" என்றாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. போனை எடுத்ததும், "இன்னைக்கு என்னங்கப்பா?" என்பாள். பாதித் துணுக்கு கிழிந்துபோயிருக்கும். மீதியை அவளே இட்டுக்கட்டுவாள். மூன்று இதயத்தில் ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு, ஒன்று தூங்குவதற்கு என்றாள். நான் ராஜஸ்தானில் இருந்தபோது, இந்த மணல்காட்டில் ஒரு காலத்தில் கடல் இருந்தது, கல்லுக்குள் கிளிஞ்சல் அச்சு இன்றைக்கும் கிடைக்கிறது என்றேன். "நீங்க தோண்டுனா கடல் வந்துருமுங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே பைப் இறக்கினேன்.

அப்படி ஒருநாள் பிட்டுப் பேப்பரில் வந்ததுதான் மேட்டூர்த் துணுக்கு.

மேட்டூர் அணை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தச் சேதி எனக்கே அன்றுதான் தெரியும். வெள்ளைக்காரர் காலத்தில் அந்த அணையைக் கட்டியபோது, தண்ணீர் தேங்கப்போகிற இடத்தில் ஊர்கள் இருந்தன. சனங்களை வேறு இடங்களுக்குப் போகச் சொன்னார்கள். ஆளும் மாடும் போயின. கோயிலும் மாதா கோயிலும் போக முடியுமா? அப்படியே நின்றன. தண்ணீர் ஏறி மூடிவிட்டது. கோடையில் அணைத் தண்ணீர் நன்றாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் மாதா கோயில் கோபுரம் தலையைக் காட்டும். இன்னும் இறங்கினால் கல் நந்தி தெரியும். மழை பிடித்ததும் மறுபடி உள்ளே போய்விடும்.

இதைச் சொன்னதும் அவள் "அப்பறம்?" என்று கேட்கவில்லை.

"அப்பா. அத நாம போய்ப் பாக்கோணும்."

"பாக்கலாம் சாமி. அப்பா வாரேன். சேர்ந்து போலாம்."

சொல்லிவிட்டேன். ஆனி கடைசியில் ஊருக்கு வந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, மேட்டூர்ப் பக்கம் லோடு ஏற்றிப் போய்வருகிற தேங்காய்க்காரர் ஒருவரிடம் விசாரித்தால், "இப்பப் போயி எதைப் பாப்பீங்க? கர்நாடகாவுல மழை. அணைக்குத் தண்ணி வந்துக்கிட்டிருக்குதுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபுரம் வெளியே வருகிற மாதம் எதுவோ, அதுதான் நான் வெளியூரில் இருக்கிற மாதம். நான் வீட்டுக்கு வருகிற மாதம் அது தண்ணீருக்குள் போகிற மாதம். ஒரே வெயில்தான் அதை வெளியே கொண்டுவந்தது, அதே வெயில்தான் என்னையும் வெளியே அனுப்பியது.

அதற்குப் பதிலாக வேறு இடங்களுக்குக் கூட்டிப்போனேன். அவள் அம்மாவின் ஊர் இளம்பிள்ளை. அதன் பக்கத்தில் கஞ்சமலை. பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை அந்த அடிவார மண்ணில் புரட்டினால் கறுப்புப் பொடி முள்முள்ளாக ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு இரும்பு அந்த மலையில். ஏற்காடு போகிற ரோட்டில் ஒரு பழைய நுழைவாயில் வளைவைக் காட்டினேன். ஒரு காலத்தில் பெரிய சினிமா ஸ்டுடியோவாக இருந்த இடம், மலையாளத்தின் முதல் பேசும் படத்தையே சேலத்துக்காரர்கள்தான் எடுத்தார்கள் என்றேன். வளைவை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்றதும், "அப்ப இதுவும் தண்ணி மூடுன மாதிரிதானுங்கப்பா" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது மறுபடி கேட்டாள், கோபுரம் எப்போது என்று.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் இதே கதை. அவள் அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு பஸ்ஸு, ரெண்டு பஸ்ஸு. நான் கூட்டிட்டுப் போறேன் வா. உங்கொப்பன் வர்றதுக்குள்ள மீன் குஞ்சு பொரிச்சிரும்."

"அப்பாகூடத்தான் போவேன்."

பள்ளிக்கூடத்தில் யாரோ போய்வந்து படம் எடுத்து வந்தார்களாம். இவள் கண்ணை மூடிக்கொண்டாளாம். இதை என் மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷங்களில் ஒன்றில்தான் சித்தூர்ப் பக்கம் அந்தச் சமாச்சாரம் நடந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஊர். தக்காளிக்காடு. காட்டுக்காரரும் அவர் வீட்டு அம்மாவும் மஞ்சள் குங்குமத் தட்டோடு காலையிலிருந்து நின்றார்கள். உள்ளே போன பைப்பெல்லாம் வெறும் புழுதியைத்தான் கக்கியது. போர் போடுகிற இடத்தில் சில முறைகள் உண்டு. காலிக் குடத்தோடு யாரும் குறுக்கே வரமாட்டார்கள். "வராது", "இல்லை" என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். புழுதி பறந்தால்கூட "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

பைப் மாட்டக் கம்ப்ரசரை நிறுத்தினேன். போன் அடித்தது. மகள்.

"அப்பா, பேப்பர்ல போட்டிருக்குது. அணைத் தண்ணி நெம்ப எறங்கிருச்சாம். கோபுரம் தெரியுதாம். நந்திக்குத்தான் இன்னும் வத்தோணுமாம்."

கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று எங்களுக்கெல்லாம் மெதுவாகப் பேசவே வராது. சத்தம் நின்றிருக்கிறது என்பதையும் மறந்து கத்தினேன்.

"வத்தட்டும் சாமி. அடி வரைக்கும் வத்தட்டும். ஒரு சொட்டு மிச்சமிருக்கக் கூடாது."

திரும்பிப் பார்த்தால் காடே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் மேனேஜர் ஓடிவந்தார்.

"ஏப்பா, எவன் காட்டுல நின்னுக்கிட்டு என்ன பேசற? கூலியும் வேண்டாம், அடி வாங்காம ஊடு போய்ச் சேரோணும்."

காட்டுக்காரர் என்னிடம் நேராக வந்தார். "உன் வாயில வேற வார்த்தையே வரலியாப்பா?" என்றார்.

நான் உள்ளதைச் சொன்னேன். அணை, கோபுரம், மகள், வருஷம் வருஷம் ஏமாறுவது எல்லாம். எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது. அந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"பொண்ணு எந்த கிளாஸ் படிக்குது?"

"ஆறாவதுங்கம்மா."

நேராக வீட்டுக்குப் போய் ஒரு குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் தோளில் வைத்தார். அந்தக் குடத்தோடு போரைச் சுற்றி வரச் சொன்னார். சுற்றி வந்து, துளை வாயில் ஊற்றினேன். மேனேஜர் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். கம்ப்ரசரைப் போட்டோம். அதிலிருந்து நாலாவது பைப்பில் புழுதி நின்று, சேறு வந்து, தண்ணீர் வந்தது. பெருந்தண்ணீர் என்று சொல்லமுடியாது. அந்தத் தக்காளிக்கும் இரண்டு மாட்டுக்கும் போதும். அந்த அம்மா பைப்புக்கு மஞ்சள் பூசிவிட்டு, அந்தக் கையோடு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இங்க வந்துடுச்சு. இனி அங்க வத்தட்டும்னு உன் பொண்ணுகிட்ட சொல்லு."

மேனேஜரிடம் லீவு கேட்டேன். "சீசன்லயா?" என்றார். அத்தோடு சரி. நந்தி தெரிந்தது, நான் அங்கே இல்லை.

பிறகு அவள் பெரியவளானாள். கையில் போன் வந்தது. துணுக்கெல்லாம் அதிலேயே வந்து விழுந்தது. "இன்னைக்கு என்னங்கப்பா?" என்பது மெல்ல மெல்லக் குறைந்தது. நான் ஏதாவது சொன்னால், "அது எனக்கும் வந்துச்சுங்கப்பா" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். ஆனாலும் பிட்டுப் பேப்பரைப் பிரிக்கும்போது என் கையில் பழைய வேகம் இல்லை. நர்சிங் படித்தாள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் போன அடுத்த வருஷம் எனக்கு இடுப்பு தாங்கவில்லை, காதும் மந்தமாகிவிட்டது. வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். இருபது வருஷம் வீட்டில் இல்லாதவன் வீட்டுக்கு வந்தபோது, யாருக்காக வந்தேனோ அவள் வீட்டில் இல்லை.

ரிக் வண்டி ஏறிய பிறகு முதல்முறையாகச் சித்திரையில் ஊரில் இருந்தேன். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. எங்கள் டீக்கடையில் காலையில் பேப்பர் வந்ததும், யாராவது மேட்டூர் அணை நீர்மட்டத்தைச் சத்தமாகப் படிப்பார்கள். குறைந்திருந்தால் எல்லோரும் "ச்சொ" கொட்டுவார்கள். நானும் கொட்டுவேன். உள்ளுக்குள் கால் பரபரக்கும்.

ஒருநாள் பஸ் ஏறிவிட்டேன். பண்ணவாடியில் இறங்கினால், கடல் மாதிரி கிடக்கும் என்று சொல்வார்களே, அந்த இடத்தில் மண். வெடிப்பு விட்ட மண். அதில் பச்சையாகக் கொடி ஓடித் தர்பூசணி காய்த்திருந்தது. அந்த மேட்டைத் தாண்டினால் கோபுரம் தெரியும் என்றார்கள். சனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நின்று, மகளுக்கு வீடியோ கால் போட்டேன்.

நர்ஸ் உடுப்பில் இருந்தாள். டீ குடிக்கிற நேரம் போலிருக்கிறது. "எங்கீங்கப்பா இருக்கீங்க? பின்னாடி என்ன, பாலைவனமா?"

"அணைக்குள்ள நிக்கறேன் சாமி. தண்ணி எறங்கிப்போச்சு. அந்த மேட்டுக்கு அக்கட்டதான். இரு, அப்பா காட்டறேன்."

அவள் சட்டென்று கையால் கண்ணை மூடிக்கொண்டாள். சின்னப்பிள்ளையில் எப்படி மூடியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"காட்டாதீங்கப்பா."

"ஏன் சாமி? இத்தன வருசம்..."

"சேர்ந்து பாக்கலாம்னு சொன்னீங்கள்ல? இதுவரைக்கும் ஒரு போட்டோகூட நான் பாக்கலீங்கப்பா."

"அப்ப நான் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?"

கை விரலை விலக்கி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குப் பாக்கோணுமுன்னா பாருங்க. நான் வேண்டாங்கல." குரல் இறங்கிவிட்டது. பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

நான் அந்த மேட்டுக்குக் கீழேயே உட்கார்ந்தேன். தர்பூசணிக்காரர் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

"ஏனுங்க, எல்லாரும் அங்க போறாங்க. நீங்க அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. சாமி மேல கோவமா?"

"இல்லீங்க. தொணைக்கு ஆள் வரோணும்."

"எப்ப வர்றாங்க?"

"லீவு கெடைக்கோணுமுங்க."

"மழைக்கு முன்னால கெடைச்சாச் செரி" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த ஆளுக்கு வெட்டப் போய்விட்டார். பழம் இனிப்பாகத்தான் இருந்தது. தின்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க ரெண்டு பேரையும் அந்த நந்தி பக்கத்துலயே உக்கார வெக்கோணும்" என்றாள்.

லீவு ஆடியில்தான் கிடைத்தது. ஆடிப்பெருக்குக்கு வந்தாள். அதற்குள் காவிரி வந்துவிட்டது. தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. இருந்தாலும் போனோம், நானும் அவளும் மட்டும். நான் உட்கார்ந்து பழம் தின்ற இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு பரிசல்காரரைக் கேட்டு ஏறிக்கொண்டோம். கொஞ்ச தூரம் போனதும் துடுப்பை நிறுத்தினார்.

"இதுக்குக் கீழதானுங்க இருக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். பச்சைத் தண்ணீர். எங்கள் இரண்டு பேர் முகமும் ஆடிக்கொண்டு தெரிந்தன. தண்ணீருக்குள் கையை விட்டு அப்படியே வைத்திருந்தாள்.

"எவ்வளவு ஒசரமுங்கப்பா கோபுரம்?"

"தெரியல சாமி."

"மணி இருக்குமா உள்ள?"

"தெரியலயே."

"ஒண்ணுமே தெரியாதா? மேடு வரைக்கும் போனீங்களே."

"மேடு வரைக்குந்தான் போனேன்."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பரிசல் கரைக்குத் திரும்புகிற வரை விடவில்லை. பரிசலைச் சுற்றிவிடட்டுமா என்று பரிசல்காரர் கேட்டார். வேண்டாம் என்றோம்.

அவள் சென்னைக்குப் போன மறுநாளிலிருந்து ஒரு வேலை எனக்கு. காலையில் டீக்கடையில் பேப்பரைப் பார்த்து அணை நீர்மட்டத்தை அவளுக்கு அனுப்புகிறேன். வேறு துணுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. அவளும் இது ஒன்றைத்தான் கேட்கிறாள். வருகிற சித்திரைக்கு இப்போதே லீவு சொல்லி வைத்திருக்கிறாளாம். கிடைக்குமா, அதற்குள் தண்ணீர் இறங்குமா, இரண்டும் நம் கையில் இல்லை.

இன்று காலை நீர்மட்டம் ஏறியிருந்தது. கடையில் இருந்த விவசாயிகள் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் சோறு இறங்காது. அணைக்குக் கீழே எத்தனை வயல் அதை நம்பி இருக்கிறது. ஏறியதை அவளுக்கு எழுதி அனுப்பினேன். குரலில் பதில் வந்தது. எனக்குக் காது மந்தம், அதனால் போனில் சத்தம் எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். கையில் டம்ளரை வைத்துக்கொண்டே அமுக்கிவிட்டேன்.

"பரவால்லீங்கப்பா. சித்திரைக்குள்ள வத்திரும். அடி வரைக்கும் வத்தட்டும்."

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டீ ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

"யாருங்க அது?" என்றார் ஒருவர்.

"என்ற பொண்ணுங்க" என்றேன்.